சடையன் கரடி கட்டிய நீச்சல் குளம்

மூங்கில் காட்டிலேயே முதல் நீச்சல் குளம் சடையன் கரடியுடையதுதான். குகை வாசலிலேயே கட்டியது. இத்தனைக்கும் சடையனுக்கு நீந்தத் தெரியாது.

மலைக்கு அந்தப் பக்கம் போய் பூவரசி என்ற கரடியைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தது சடையன். இனிப் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வரவேண்டும். வீடு பிடித்தால்தான் கல்யாணம். பூவரசிக்குத் தண்ணீர் என்றால் உயிர். சடையனுக்குப் பூவரசி என்றால் உயிர். குளம் வெட்ட இது போதாதா?

காட்டுப்பன்றி மேஸ்திரி குழி தோண்டிக் களிமண் பூசியது. ஓடைத் தண்ணீரை ஊற்றி நிரப்பினார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் இறங்கியிருந்தது.

"என்ன மேஸ்திரி, தண்ணியைக் காணோம்?"

"புதுக் குளமுங்க. கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்."

சடையன் மறுபடி நிரப்பியது. மறுபடி இறங்கியது.

"இன்னிக்கும் குடிச்சிருக்கே?"

"அது வெயிலுக்குங்க."

"ராத்திரியிலே ஏதுய்யா வெயில்?"

"பகல் வெயிலோட மிச்சமுங்க" என்றது பன்றி, கூசாமல்.

தண்ணீருக்கு மேலே தெரிந்த சுவரெல்லாம் களிமண்ணை அப்பிப் பார்த்தது மேஸ்திரி. ஒழுக்கு நிற்கவில்லை. கடைசியில் மூக்கைச் சொறிந்துகொண்டு உண்மையைச் சொன்னது.

"தண்ணிய அது பாட்டுக்கு இறங்க விடுங்க. எங்க வந்து நிக்குதோ, அங்கதான் ஓட்டை இருக்கோணும்."

சடையன் பதறிப்போய் மரக்கிளையை அண்ணாந்து பார்த்தது. கல்யாணத் தரகர் மைனா அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

"மெதுவாப் பேசும். குளம் வத்திப் போச்சுன்னு அந்த மைனா பார்த்தா, நான் குகைக்குள்ளே போறதுக்குள்ளே மலைக்கு அந்தப் பக்கம் சொல்லிட்டு வந்துடும். எனக்குப் பொண்ணு கிடைக்குமா?"

அன்று முதல் விடியுமுன் எழுந்து ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்தது சடையன். விடிந்ததும் குளம் தளும்பும். "அடடா, என்ன குளம், என்ன குளம்!" என்று மைனா ஊரெல்லாம் பாடும். சடையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

பெண் வீட்டார் வந்தார்கள். பூவரசியும் அதன் அம்மாவும் தேனடை சாப்பிட்டார்கள். குகையைச் சுற்றிப் பார்த்தார்கள். குளத்தைப் பார்த்ததும் பூவரசிக்குக் கண் விரிந்தது.

"பொழுது போச்சு. தங்கிட்டு நாளைக்குப் போறோம் மாப்பிள்ளை" என்றது அம்மாக் கரடி.

சாயங்காலத்துக்குள்ளேயே தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது.

"என்ன மாப்பிள்ளை, குளம் குறையற மாதிரி இருக்கே?"

"கடல் இல்லையா அத்தை, அது மாதிரிதான். ஏறும், இறங்கும்."

"ஓகோ" என்றது அத்தை.

அத்தை தலை மறைந்ததும் சடையன் குடத்தைத் தூக்கிக்கொண்டு பூனைபோல் நடந்தது. ஓடை வழியில் பூவரசி நின்றிருந்தது.

"கடலை ஏத்தப் போறீங்களா?"

சடையன் வாயைத் திறந்தது. பொய் எதுவும் வரவில்லை. இடுப்பு வலிதான் வந்தது. குடத்தைக் கீழே வைத்தது.

"ஒழுகுது பூவரசி. தினமும் ஒழுகுது. எங்கேன்னு தெரியலை. உனக்காகத்தான் கட்டினேன். நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு தினமும் ஊத்தறேன்."

"இன்னிக்கு ஊத்தாதீங்க. எங்கே போய் நிக்குதுன்னு பார்ப்போம்" என்றது பூவரசி.

விடிந்தது. மேஸ்திரி வந்தது, மைனா வந்தது, அத்தையும் வந்தது. எல்லார் கண்ணெதிரிலும் பாதிக் குளம். சடையன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு விரல் சந்து வழியாகப் பார்த்தது. தண்ணீர் நின்ற மட்டத்தில், சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு மூங்கில் முனை எட்டிப் பார்த்தது. அதைச் சுற்றிச் சின்னப் பொத்தல்.

மேலே பார்த்தார்கள். பெண் வீட்டாரை வரவேற்க ஜோராக ஒரு வாழை மரம். அதைக் கட்டுவதற்காக, குளத்தை முதலில் நிரப்பிய அன்றே அவசரப்பட்டுக் குளக்கரையில் மூங்கிலை ஓங்கி ஓங்கி அடித்தது வேறு யாருமில்லை, மாப்பிள்ளையேதான்.

"என்ற வேலையில ஒரு குத்தமும் இல்லீங்க" என்று மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்தியது. மூங்கிலைப் பிடுங்கிக் களிமண்ணை வைத்து அடைத்தது. ஒரு கொட்டாவி விடும் நேரத்து வேலை.

சடையன் தலை குனிந்தபடி அத்தை முன்னால் நின்றது. மைனா றெக்கையை விரித்துத் தயாராக இருந்தது. அத்தை தொண்டையைக் கனைத்தது.

"எங்க குகைகூட ஒழுகும் மாப்பிள்ளை. மழை வந்தா உட்கார இடமிருக்காது. நீங்க பொண்ணு பார்க்க வந்தது கோடையிலே, அதனாலே தப்பிச்சோம்."

பூவரசி சிரித்தது. சடையனும் சிரித்தது. மைனா முகூர்த்த நாள் பார்க்கப் பறந்தது.

குறையை மறைத்து மறைத்து நிரப்புகிறவருக்கு முதுகுதான் ஒடியும். நாலு பேர் பார்க்க அதை வற்ற விட்டால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும்.