ரோபோவின் நெற்றிப் பொட்டு

“யக்கா, ரோபோ கிளப்புல சேந்து ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு மெஷினைக்கூட என்னை யாரும் தொட விடல.”

இசக்கியம்மாள் முதலாமாண்டு மாணவி. வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். நியாயம் கேட்டால் வாய் நீளமாம்!

அவள் முறையிட்டது பிரிசில்லா அக்காவிடம். அக்கா இறுதியாண்டு. கிளப்பில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவள் மேசைக்குத்தான் போவார்கள். அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் பாதிப் பேருக்குப் புரியாது.

அக்கா ஒரு வயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“இன்னைக்கு என்ன வேலை குடுத்தாங்க?”

“ஆயுத பூஜையாம். பொட்டு வைக்கணுமாம். பொம்பளப் பிள்ளை கையால வச்சாத்தான் மங்களமாம். கேப்டன் கிஷோர் அண்ணன் சொல்லுதாங்க.”

“எதுக்கெல்லாம் வைக்கணும்?”

“எல்லா மெஷினுக்கும்.”

“அப்ப எல்லாத்தையும் தொடப் போறே.”

இசக்கிக்கு வந்ததே கோபம்!

“நான் என்ன கேக்கேன், நீங்க என்ன சொல்லுதிய? சென்னைப் போட்டிக்கு இன்னைக்குச் சாயங்காலம் டீம் எடுக்காங்க. எனக்காக நீங்க ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“சொல்லலாம்.”

“சொல்லுங்களேன்!”

“அப்புறம் ஒவ்வொரு தடவையும் நானே சொல்லணும்.”

அவ்வளவுதான். அக்கா மறுபடியும் வயரில் குனிந்துவிட்டாள்.

இசக்கி குங்குமத் தட்டை எடுத்த எடுப்பில் பாதிக் குங்குமம் கொட்டிவிட்டது. இதற்குத்தானா அம்மாவிடம் சண்டை போட்டு இஞ்சினியரிங் சேர்ந்தோம் என்று இருந்தது.

கோபத்தில் மெஷின்களைத் துடைத்தாலும் ஒழுங்காகத்தான் துடைத்தாள். அது அவள் சுபாவம். ஒவ்வொரு மெஷினையும் புரட்டினாள். காற்றுப் போகும் துளை எங்கே, சக்கரம் எங்கே உரசுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் பொட்டு வைத்தாள்.

கடைசியில் பெரிய ரோபோ. சென்னைக்குப் போகப்போவது அதுதான். தடுப்புகளுக்கு நடுவே தானாக வழி கண்டுபிடித்துப் போகும். அதற்கு முன்பக்கம் நடுவில் ஒரே ஒரு கேமரா. அதுதான் அதன் கண். இசக்கி கேமராவை விட்டு விலக்கி, மூடியின் மேல் பொட்டு வைத்தாள்.

அப்போது கிஷோர் வந்தான்.

“தட்டைக் குடு. போட்டோ எடுக்கணும்.”

கட்டை விரலில் சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பினான். செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ரோபோவுக்கு வைத்தான். பொட்டு நேரே கேமராவின் மேல் போய் உட்கார்ந்தது.

“அண்ணே, அங்கன கேமரா...”

“தள்ளி நில்லும்மா. போட்டோல விழுறே.”

கேட்டீர்களா! இரண்டு மாதமாகத் தள்ளி நின்றவளை, இன்னும் தள்ளி நிற்கச் சொல்கிறான்.

பூஜை முடிந்தது. பொரி தின்றார்கள். கல்லூரி முதல்வர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். அவர் பார்த்துச் சரி என்றால்தான் சென்னைப் பயணம்.

கயிறு கட்டிய இடத்துக்குள் பலகைத் தடுப்புகளை நிறுத்தி ரோபோவை விட்டார்கள்.

நேராகப் போனது. பலகையில் முட்டியது. பின்னால் வந்தது. மறுபடியும் முட்டியது.

“புரோகிராம்ல தப்பு.”

“நேத்து எவன்டா அதை மாத்தினான்?”

“நான் இல்லடா, நீதான்!”

எல்லாத் தலைகளும் லேப்டாப்புக்குள். மெஷினுக்கு உடம்பெல்லாம் பொட்டு. அதில் இந்த ஒரு பொட்டை எவன் பார்த்தான்?

இசக்கி பின்வரிசைக்கு வந்தாள். அங்கே பிரிசில்லா அக்கா நின்றிருந்தாள்.

“கேமரா மேல குங்குமம். நான் சொல்ல மாட்டேன் யக்கா. முட்டட்டும். நல்லா முட்டட்டும்!”

“யாரு முட்டுறா?”

இசக்கி திரும்பிப் பார்த்தாள்.

கிஷோர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முட்டிக்கொண்டிருந்தது ரோபோ. காலையில் அவள் துடைத்த முன்தகடு பிளந்து தொங்கியது. அப்படியும் போய் முட்டியது.

கயிற்றைத் தாண்டினாள்.

“ஏய்! யாரைக் கேட்டு உள்ள வர்றே? தொடாதே!” கிஷோர் எழுந்து ஓடிவந்தான்.

“காலையில பொட்டு வைக்கத் தொடலாம். இப்பத் தொட்டா தீட்டா?”

ரோபோவைத் தூக்கினாள். கட்டை விரலால் குங்குமத்தை வழித்தாள். துப்பட்டா நுனியால் கண்ணாடியைத் துடைத்தாள். இறக்கி விட்டாள்.

விரலில் குங்குமம் அப்படியே இருந்தது. எங்கே தடவுவது என்று சுற்றிப் பார்த்தாள்.

கிஷோரின் நெற்றியில் வைத்தாள். நட்ட நடுவில்.

“இப்ப போட்டோ எடுத்துக்கோங்கண்ணே.”

ரோபோ பலகைவரை போனது. நின்றது. இடப்பக்கம் திரும்பி, வழியைப் பார்த்துக்கொண்டு போயே விட்டது.

முதல்வர்தான் முதலில் கைதட்டினார்.

கிஷோர் நெற்றிப் பொட்டோடு பின்வரிசைக்கு வந்தான். முகமெல்லாம் கடுகடுவென்று இருந்தது.

“அக்கா, இவளை யாரு தொட விட்டது?”

பிரிசில்லா அக்கா சொன்னாள்:

“யாரும் விடல.”