எங்கே போனது அடைப்பு?

ஒரு காட்டில் ஒரு மலைச்சரிவு. அந்தச் சரிவில் மேலிருந்து கீழாக ஐந்து குகை வீடுகள். உச்சி வீட்டில் கரடி, அடுத்ததில் குரங்கு, மூன்றாவதில் மயில், நாலாவதில் உடும்பு. ஐந்தாவது வீடு காலி.

ஐந்து வீட்டுக்கும் சேர்த்துக் கழிவுநீர் போக ஒரே ஒரு மூங்கில் குழாய்தான். அது கரடி வீட்டில் தொடங்கும். ஒவ்வொரு வீட்டின் அடியிலும் ஓடும். காலி வீட்டுக்கு வந்ததும் முழங்கையைப் போல மடங்கி, அப்புறம் கோரைப் புதரில் போய் விழும்.

கரடி பெரிய சோம்பேறி. தேன் சட்டியை வழித்துவிட்டுக் கழுவுவோம் என்று கிடையாது. மெழுகோடு அப்படியே குழாய்வாயில் கவிழ்த்துவிடுவார். அவர் ஒரு முறை குளித்தால் கொட்டுகிற முடி இருக்கிறதே, அதில் யானைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னி, மிச்சத்தில் யானைக்குட்டிக்கு ஒரு குல்லாவும் பின்னலாம்.

ஒரு நாள் கரடி குளித்த தண்ணீர் போகவில்லை. முழங்கால் அளவு நின்றது.

"தானாகப் போய்விடும்" என்று கரடி அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் ஒரு தவளை மனைவி மக்களோடு வந்து, "ஐயா, இந்தக் குளத்தில் எங்களுக்கு ஓர் ஓரமாக இடம் கிடைக்குமா?" என்று கேட்டது. அப்போதுதான் கரடிக்கு விஷயம் கொஞ்சம் முற்றிவிட்டது என்று தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு குரல் கேட்டது.

"அடைப்பு எடுக்கலையோ, அடைப்பு."

எட்டிப் பார்த்தால் நரி. தோளில் நீளமான மூங்கில் கழி.

"கூலி என்னப்பா?" என்றார் கரடி.

"உங்களுக்காக ஒரே ஒரு பானை தேன். ஆனால் கரடியாரே, நான் வேலை செய்யும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். யாராவது பார்த்தால் அடைப்புக்கு வெட்கம் வந்துவிடும். அப்புறம் அசையாது."

கரடி கண்ணை மூடினார். கண்ணை மூடுவது அவருக்குப் பிடித்த வேலைதான். நரி கழியைக் குழாய்க்குள் விட்டு ஒரே தள்ளு. தண்ணீர் கடகடவென்று இறங்கியது. தவளைக் குடும்பம் பெருமூச்சு விட்டபடி வேறு வீடு பார்க்கக் கிளம்பியது.

"போய்விட்டதா?"

"போயே போய்விட்டது" என்றது நரி.

மறுநாள் காலையில் குரங்கு வீட்டில் தண்ணீர் பொங்கியது. குரங்குக்குக் கையில் எது கிடைத்தாலும் வீசுகிற பழக்கம். வாழை நார், புளியங்கொட்டை எல்லாம் குழாய்க்குள்ளேதான் போகும். இப்போது மேலிருந்து வந்த முடியும் மெழுகும் அவற்றோடு சேர்ந்து கெட்டியாக நின்றுவிட்டன.

"அடைப்பு எடுக்கலையோ" என்று நரி தற்செயலாக அந்தப் பக்கம் வந்தது. இரண்டு பலாப்பழம் வாங்கிக்கொண்டு ஒரு தள்ளுத் தள்ளியது.

அதற்கு மறுநாள் மயில் வீடு. மயிலுக்குத் தன் அழகைத் தவிர வேறு நினைப்பு இல்லை. நாளெல்லாம் குழாய்வாய்க்குப் பக்கத்தில் நின்று தோகையைக் கோதுவார். உதிர்ந்ததெல்லாம் உள்ளே போகும்.

"சீக்கிரம் ஏதாவது செய்யப்பா. இந்தச் சேற்றில் நின்றால் என் கால் அழகாக இல்லை" என்றார் மயில்.

"உங்கள் கால் எப்போதுமே அப்படித்தானே" என்று சொல்ல நரிக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஒரு கூடை நெல்லிக்காயை நினைத்து விழுங்கிக்கொண்டது. கண்ணை மூடச் சொல்லி இன்னொரு தள்ளு.

இவ்வளவு கூலியையும் எங்கே வைப்பது? நரி சுற்றிப் பார்த்தது. ஐந்தாவது வீடுதான் காலியாக இருக்கிறதே. வாசலில் நல்ல காற்று. வாடகை கேட்கவும் ஆள் இல்லை. அன்றைக்கே குடி புகுந்து, தேன் பானையைக் குழாய்வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தி, பலாப்பழத்தின் மேல் கால் போட்டுக்கொண்டு தூங்கியது.

விடிந்ததும் உடும்பு வீட்டில் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

இங்கே அது வெறும் தொல்லை இல்லை. உடும்பு பின்கட்டு மணலில் இருபத்திரண்டு முட்டை இட்டு வைத்திருந்தாள். இன்றோ நாளையோ குஞ்சு பொரிக்கும் நேரம். காதை வைத்துக் கேட்டால் உள்ளே டொக் டொக் என்று சத்தம் வரும். தண்ணீர் மணலைத் தொட இன்னும் இரண்டு விரற்கடைதான் பாக்கி. முட்டை மூழ்கினால் போயிற்று.

நரி கழியோடு வந்து நின்றது.

"உடும்பக்கா, கண்ணை மூடுங்கள்."

"மூடுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல். கரடி வீட்டு அடைப்பு எங்கே போனது?"

"போய்விட்டது அக்கா."

"எங்கே?"

"அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"தண்ணீர் ஏறுகிறது அக்கா, பேச நேரம் இல்லை" என்று நரி நகரப் பார்த்தது.

உடும்பு அதன் காலைப் பிடித்தாள். உடும்புப் பிடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நரி போட்ட கூச்சலில் கரடி, குரங்கு, மயில் எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள்.

"எங்கே?" என்றாள் உடும்பு.

"கீழே அக்கா, கீழே."

"கரடி வீட்டுக்குக் கீழே யார் வீடு?"

குரங்கு தலையைச் சொறிந்தது. "என் வீடுதான்."

"குரங்கு வீட்டுக்குக் கீழே?"

"ஐயோ, என் வீடு" என்றார் மயில்.

"மயில் வீட்டுக்குக் கீழே நான். எனக்குக் கீழே யார், நரியே?"

நரி ஐந்தாவது வீட்டைத் திரும்பிப் பார்த்தது.

"சரி, தள்ளு" என்று உடும்பு காலை விட்டாள். "நாங்கள் கண்ணை மூடிக்கொள்கிறோம்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நரி கழியைக் குழாய்க்குள் விட்டது. தேன் பானை நினைவுக்கு வந்தது. பலாப்பழம் நினைவுக்கு வந்தது. தன் வீட்டில் குழாய் மடங்குகிற இடமும் நினைவுக்கு வந்தது. அங்கே போய் மாட்டினால் அந்தப் பக்கமும் போகாது, இந்தப் பக்கமும் வராது. மெதுவாகக் கழியை வெளியே எடுத்தது.

"அக்கா, இது தள்ளுகிற அடைப்பு இல்லை. இழுக்கிற அடைப்பு."

"நேற்று என் வீட்டில் தள்ளுகிற அடைப்பாகத்தானே இருந்தது?" என்றார் மயில்.

"இரவோடு இரவாக மாறிவிட்டது போலிருக்கிறது" என்றது குரங்கு.

தண்ணீர் மணலைத் தொட ஒரு விரற்கடை பாக்கி. நரி தன் வீட்டுக்கு ஓடி, பழம் பறிக்க வைத்திருந்த துறட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தது. அதன் கொக்கியைக் குழாய்க்குள் விட்டு மாட்டியது. துறட்டியை உடும்பு பிடித்தாள். உடும்பின் வாலைக் கரடி பிடித்தார். இழுத்தார்கள்.

முதல் இழுப்பில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது இழுப்பில் மலை லேசாக அசைந்தது என்று பக்கத்துக் காட்டில் பேசிக்கொண்டார்கள். மூன்றாவது இழுப்பில் பொளக் என்று வந்து விழுந்தது ஒரு பந்து. பந்து என்றா சொன்னேன்? அதற்கு மீசை இருந்தது, தொப்பை இருந்தது, தலையில் ஒரு இறகு கூட இருந்தது. பார்த்த குரங்கு பயந்துபோய் அதற்கு வணக்கம் வைத்தது.

தண்ணீர் மளமளவென்று இறங்கியது. மணல் நனையவில்லை. உள்ளே டொக் டொக் சத்தம் நிற்கவில்லை. உடும்பு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு பந்தைப் பிரித்துப் பார்த்தார்கள்.

"இது யாரோ வழிப்போக்கர் முடி" என்றார் கரடி.

"வழிப்போக்கர் உங்கள் வீட்டில் குளித்தாரா?" என்றாள் உடும்பு.

"புளியங்கொட்டை எந்த வீட்டிலும்தான் இருக்கும்" என்றது குரங்கு.

மயில் மட்டும் மறுக்கவில்லை. "இவ்வளவு ஊறியும் என் இறகு நிறம் மங்கவில்லை, பார்த்தீர்களா?"

உடும்பு உள்ளே கையை விட்டு நாலு செதிலை எடுத்தாள். "இது என்னுடையது. மறைப்பானேன்?"

அதைக் கேட்டதும் கரடி மெல்ல, "முடியில் பாதி என்னுடையதாக இருக்கலாம்" என்றார். குரங்கு புளியங்கொட்டையைப் பொறுக்க ஆரம்பித்தது.

சும்மா இருக்காத விரல்கள் குரங்குக்கு. அன்றைக்கே ஈச்ச ஓலையில் ஐந்து சல்லடை பின்னி, ஐந்து குழாய்வாய்க்கும் வைத்தது. கரடி சட்டியை இலையால் துடைத்துவிட்டுக் கழுவப் பழகினார். மயில் வெளியே பாறைமேல் நின்று தோகையைக் கோதினார். பார்ப்பவர்கள் அதிகம் என்பதால் அவருக்கு அதுவே பிடித்துப்போயிற்று.

மறுநாள் இருபத்திரண்டு குஞ்சுகளும் வெளியே வந்தன. நரி வாங்கிய தேனும் பலாவும் நெல்லிக்காயும்தான் விருந்து. பரிமாறியதும் நரியே. தவளைக் குடும்பமும் வந்து சாப்பிட்டுப் போனது.

விருந்து முடிந்தும் நரி ஐந்தாவது வீட்டை விட்டுப் போகவில்லை. காற்று நன்றாக இருந்ததே. ஆனால் அன்று முதல் விடியற்காலையில் முதல் ஆளாக எழுந்து மலை ஏறுவது நரிதான்.

"கரடியாரே, சல்லடையைத் தட்டினீர்களா?"

"தட்டுகிறேன் போப்பா."

"தட்டுங்கள், நான் நிற்கிறேன்."

"இதற்கு என்ன கூலி கேட்கப் போகிறாய்?"

"கூலியே வேண்டாம் ஐயா" என்று நரி கைகூப்பியது. "அந்த மெழுகை மட்டும் கீழே விட்டுவிடாதீர்கள்."

நீதி: குப்பையை அடுத்தவர் பக்கம் தள்ளினால் அடைப்பு இடம்தான் மாறும், அவரவர் குப்பையை அவரவர் வாசலிலேயே எடுத்தால் அடைப்பே வராது.