பூஜ்ஜியத்தில் ஒரு வீடு

“டீச்சர், இந்த ஒரு புள்ளியை அழிச்சுத் தொலைச்சிடட்டுமா?”

கேட்டவர் கலியமூர்த்தி. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கம்ப்யூட்டரில் வரைபடம் போடக் கற்றுக்கொள்கிற மாணவர். டீச்சர் யாஸ்மினுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

வெளியே வெள்ளம். மழைக்கு முன்பே கலியமூர்த்தி ஊர் ஊராகப் போய், போனில் குறித்து வந்த வீடுகள்தான் வரைபடத்தில் புள்ளிகள். அதைப் பார்த்துத்தான் மீட்புப் படகுகள் கிளம்ப வேண்டும். புள்ளி இல்லாத வீட்டுக்குப் படகு போகாது.

ஆனால் பாருங்கள், ‘எல்லாப் புள்ளிகளையும் காட்டு’ என்று அமுக்கினால் படம் ஆப்பிரிக்கா வரைக்கும் விரிந்துவிடுகிறது. நம்ம ஊரெல்லாம் எள்ளளவாகச் சுருங்கிப் போகிறது. எல்லாம் அந்தச் சனியன் பிடித்த ஒரு புள்ளியால். ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் நடுக்கடலில் போய் உட்கார்ந்திருக்கிறது.

“அட்சரேகை பூஜ்ஜியம், தீர்க்கரேகையும் பூஜ்ஜியம்,” என்றார். “உங்க பாட வீடியோவிலேயே இருக்கே, இப்படி விழுந்தா குப்பைன்னு.”

“உலகத்துல இடம் பதியாம விட்டதெல்லாம் அங்கதான் போய் விழும் சார்,” என்றாள் யாஸ்மின். “அது யார் வீடு?”

“நடுக்கடல்ல யாருக்கும்மா வீடு?”

யாஸ்மின் புள்ளியைத் தட்டினாள். கூடவே பதிந்திருந்த போன் நம்பர் வந்தது. அழைத்து, போனை அவர் கையில் கொடுத்தாள்.

முதலில் அலைச் சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல்.

“ஐயா, படகு வருதுங்களா?”

“எங்கம்மா இருக்கீங்க?”

“தெரியலீங்களே. சுத்தியும் கடலு. கரையே காணோம். மழையக் காணோம். வெயில் உச்சியில நிக்குது.”

கலியமூர்த்தி ஜன்னலைப் பார்த்தார். பொழுது சாய்ந்து, மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“தனியாவா இருக்கீங்க?”

“இல்லீங்க. ஒட்டி ஒட்டி எத்தனையோ வீடுங்க. வாசலுக்கு வாசல் ஆளுங்க நிக்குறாங்க. பேசினா பாஷை புரியல. எல்லாரும் மேலேயே பாத்துக்கிட்டு இருக்காங்க. பயமா இருக்குங்கய்யா.”

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“எங்க வாசல்ல நின்னு குறிச்சது நீங்கதானே? போன் இன்னும் இடத்தைத் தேடிச் சுத்திக்கிட்டே இருக்கு, பரவாயில்லன்னு அமுக்கிட்டுப் போனீங்களே.”

அடப்பாவி! ஞாபகம் வந்துவிட்டது. உப்பளத்தைத் தாண்டி, வாய்க்கால் மதகை ஒட்டின வீடு. மோர்கூடக் கொடுத்தாள். இவருக்குத்தான் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

செயற்கைக்கோள் படத்தைத் திறந்தார். உப்பளம். வாய்க்கால். மதகு. கடலில் கிடந்த புள்ளியைப் பிடித்து இழுத்து வந்து அந்தக் கூரைமேல் வைத்தார். யாஸ்மின் படத்தைப் படகுக்காரர்களுக்கு அனுப்பினாள்.

போனில் அலைச் சத்தம் நின்றது. மழைச் சத்தம் கேட்டது.

“ஐயா! நம்ம மதகு தெரியுதுங்க! தண்ணி படியைத் தாண்டலீங்க!”

“அங்கேயே இருங்க தாயி, படகு கிளம்பிடுச்சு.” கலியமூர்த்தி அழுதே விட்டார்.

மறுபடியும் அவள் குரல்.

“ஐயா, கூட நின்னவங்களைக் காணோமே. அவங்களை யாருங்கய்யா குறிச்சாங்க?”