வாத்தியார் உருட்டிப்போன சக்கரம்

சென்னியப்பன் கோபக்காரர். சும்மா கோபக்காரர் இல்லை, ஊரறிந்த கோபக்காரர். காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் பீ.டி. வாத்தியாராக இருந்தவர். விசில் வாயில் இருக்கும், பிரம்பு கையில் இருக்கும், கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஓய்வு பெற்ற அன்று விசிலையும் பிரம்பையும் பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்துவிட்டார். கோபத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வீட்டில் மாணவர்கள் ஏது? சோற்றுத்தட்டு பறந்தது. டம்ளர் பறந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, "தட்டு பறக்கற வீட்டுக்குக் கைக்குழந்தையத் தூக்கிட்டு வர மாட்டேன்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மாமியார் வீட்டுக்கே போய்விட்டாள். மனைவி சாமியாத்தாள் அன்றைக்கே அவருடைய துணிமணியை ஒரு பையில் திணித்து வாசலில் வைத்தார்.

"அக்கா சாமி மடத்துக்குப் போங்க. கோபம் போயிருச்சுன்னு அவங்க வாயால சொல்லட்டும். அப்பறம் வாங்க. பேரனும் வருவான்."

ஊருக்கு வெளியே இருந்தது மடம். அதன் தலைவிதான் அக்கா சாமி. வாத்தியாரைவிட இருபது வயது இளையவர். காவி கட்டிய புதிதில் ஊரார் அம்மா என்று கூப்பிட்டுக் காலில் விழ வந்தார்கள். "நான் யாரையும் பெத்தவ இல்லீங்க, அக்கான்னே கூப்பிடுங்க, கால்லயும் விழ வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அப்படியே நிலைத்துவிட்டது.

மடத்து வேனை ஓட்டுகிற வேலை வாத்தியாருக்கு வந்தது. வியாழக்கிழமை தோறும், புரை விழுந்து கண் தெரியாத வயசாளிகளைக் கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மறுநாள் கண்ணில் கட்டோடு கூட்டிவர வேண்டும். மற்ற நாட்களில் தென்னைக்குத் தண்ணீர் விடுவார். சாயங்காலம் ஆனால் அக்கா சாமியின் முன்னால் போய் நிற்பார்.

"சாமி, கோபம் போயிருச்சுங்களா?"

"தெரியலீங்க வாத்தியாரே."

பேரன் பிறந்து தலை நிற்கிற பருவம் வந்துவிட்டது. அவர் இன்னும் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு புதன்கிழமை வேனுக்குப் புது டயர் மாற்றிக்கொண்டு வந்தார் வாத்தியார். வண்டியை விட்டு இறங்கும்போதே முகம் பூரித்துக் கிடந்தது.

"சாமி, டயர்க்கடையில முன்சக்கரத்த நாசம் பண்ணிட்டாங்க!"

இவ்வளவு சந்தோஷமாக யாரும் இப்படி ஒரு சேதியைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"என்ன ஆச்சுங்க?" என்றார் அக்கா சாமி.

"பழைய டயர் வரலைன்னு கம்பியப் போட்டு நெம்புனான். அப்பவும் வரல. செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவுல வெச்சுக்கிட்டு, பேசிக்கிட்டே சம்மட்டியில நாலு போடு போட்டான். சக்கரத்தோட இரும்பு விளிம்பு உள்பக்கமா மடங்கிருச்சு. ட்யூப் இல்லாத டயர் பாருங்க, மடங்குன இடத்துல காத்துக் கசியுது. அதுமேல பசையத் தடவி, வெள்ளிப் பெயிண்டை அடிச்சு, 'பரவால்லீங் சார், காத்து நிக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பரவால்லன்னுட்டேன்!" வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தினார். "கை ஓங்கல சாமி. பல்லைக்கூடக் கடிக்கல. கடைக்காரன் யாருன்னு நினைச்சீங்க? எங்கிட்டப் படிச்ச தங்கமுத்து. எட்டாவதுல எம் பிரம்பு அவன் முதுகுல படாத நாளே இல்ல. அவனையே சும்மா விட்டுட்டு வந்துருக்கேன்னா பாத்துக்குங்க."

"சரிங்க."

"அப்பக் கோபம் போயிருச்சுங்களா சாமி?"

அக்கா சாமி போய் முன்சக்கரத்தைப் பார்த்தார். வெள்ளிப் பெயிண்ட் பளபளத்தது.

"காலையில ஆறு பேரு வர்றாங்க. வண்டிய எடுத்துருங்க" என்றார்.

அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று வாத்தியாருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் மறுக்கவில்லையே என்று சந்தோஷப்பட்டார்.

காலையில் ஆறு பேரும் வேனில் ஏறி இடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள். அந்த முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிற இருக்கையில், என்றும் இல்லாத வழக்கமாக, அக்கா சாமியே ஏறி உட்கார்ந்தார். வாத்தியார் சாவியைப் போட்டார்.

"ஆரு கண்ணு, வாத்தியாரா ஓட்டறது?" என்று பின்னாலிருந்து ஒரு ஆத்தா கேட்டார். "நீயே பாத்துப் போப்பா. எனக்குக் கண்ணுந் தெரியாது, வழியுந் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. சாவியைத் திருப்பப் போன கை அப்படியே நின்றுவிட்டது. இறங்கிப்போய் முன்சக்கரத்தின் முன்னால் குந்தினார். விரலில் எச்சிலைத் தொட்டு, பெயிண்ட் அடித்த விளிம்பில் தடவினார். எச்சில் குமிழி விட்டது. உடைந்தது. மறுபடி விட்டது.

எழுந்தார்.

"எல்லாரும் எறங்குங்க."

"ஏனுங்க வாத்தியாரே?" என்றார் அக்கா சாமி.

"வண்டி போகாதுங்க சாமி."

"நேத்துப் பரவால்லன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"அப்ப எடுங்க."

"எடுக்க மாட்டேன்."

"நான் சொல்றேன், எடுங்க."

"நீங்க சொன்னாலும் எடுக்க மாட்டேன். அந்த ஈசனே எறங்கி வந்து சொன்னாலும் எடுக்க மாட்டேன்!"

மடத்தில் அக்கா சாமியின் பேச்சை யாரும் தட்டியது கிடையாது. சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் அப்படியே வாயில் கை வைத்தார்கள். வாத்தியார் சாவியைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். வண்டிக்கு முன்னால் போய்க் கால்களை அகட்டி நின்றார். இத்தனை நாள் பட்ட பாடும் போச்சு, இனி வீடும் இல்லை, பேரனும் இல்லை என்று நினைத்தார். இருந்தாலும் நகரவில்லை.

அக்கா சாமி இறங்கினார். அந்த நேரம் பார்த்து, மடத்து வாசலில் ஒருநாளும் நிற்காத கோயமுத்தூர் பஸ் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "நேத்து நீங்க சொன்னபடியே வந்துட்டேனுங் அக்கா, ஆறு பேருதானுங்களே?" என்றார். அக்கா சாமி ஆத்தாவின் கையைப் பிடித்துப் படியேற்றினார். கடைசியில் தானும் ஏறிக்கொண்டார்.

"நாளைக்கு இவங்களக் கூட்டியாறதுக்கு வண்டி வேணுங்க வாத்தியாரே" என்றார். பஸ் போய்விட்டது.

ஸ்டெப்னி இல்லையா என்று யாரும் கேட்க வேண்டாம். இருந்தது. மொட்டைத் தலை மாதிரி வழுவழுவென்று இருந்தது. அதை நம்பிச் சந்தைக்குக்கூடப் போக முடியாது. வாத்தியார் ஜாக்கி வைத்து, முன்சக்கரத்தைக் கழற்றி, ரோட்டில் உருட்டிக்கொண்டு கிளம்பினார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைவீதியில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். "என்னுங் சார், ஒலிம்பிக்குக்கு ரெடி ஆகறீங்களா?" என்றது ஒரு டீக்கடை. பழைய வாத்தியாராக இருந்தால் அந்த டீக்கடைக்குள்ளேயே சக்கரத்தை விட்டிருப்பார். இன்றைக்கு அவருக்கு அதற்கு நேரமில்லை. தன் வீட்டுத் தெரு முனை வந்தபோதுகூட அந்தப் பக்கம் திரும்பாமல் உருட்டிக்கொண்டு போனார்.

டயர்க்கடை வாசலில், வண்டிகள் ஏறி வருகிற வழியில், சக்கரத்தைப் படுக்கப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

தங்கமுத்து உள்ளேயிருந்து வந்தார். எட்டாவது படித்தபோது ஈர்க்குச்சி. இப்போது தொப்பையும் கழுத்துச் சங்கிலியுமாக ஆளே பெருத்திருந்தார்.

"என்னுங் சார் இது?"

"நேத்துப் பரவால்லன்னு உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதைத் திருப்பி வாங்கிட்டுப் போக வந்தேன்."

"காத்துதான் நிக்குதுங்களே சார்."

"நிக்கல."

"சரி, உள்ள ஒரு ட்யூப் போட்டுத் தர்றேன். எடுத்துட்டுப் போங்க."

"மடங்குன விளிம்பு?"

"அது இருந்துட்டுப் போகுதுங். பழைய வண்டி. இதுக்கெல்லாம் பாத்தா ஆரும் தொழில் பண்ண முடியாது. தள்ளி உக்காருங்க சார், வண்டி வருது."

"தள்ள மாட்டேன்."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. தங்கமுத்துவுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"அடிச்சு மெரட்டறதுக்கு நான் இன்னும் எட்டாவது படிக்கலீங் சார்! உங்க பிரம்பெல்லாம் பள்ளிக்கூடத்தோட போச்சு. மடத்துல போய் உக்காந்தும் உங்களுக்கு அடங்கல பாருங்க. சாமியார் மடத்து ஆளுக்கு இவ்வளவு கோபம் ஆகுமுங்களா?"

"ஆகும்" என்றார் வாத்தியார்.

நேற்று விளிம்பை நெம்பிய கம்பி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. வலது கை தானாக அந்தப் பக்கம் போனது. அவர் காலால் அந்தக் கம்பியை எட்டித் தள்ளினார். இரண்டு கைகளையும் சக்கரத்தின்மேல் ஊன்றிக்கொண்டார்.

அப்போதுதான் கடையை ஒட்டி நிழலில் நின்ற வேன் அவர் கண்ணில் பட்டது. மடத்து வண்டியைப் போலவே இருந்தது. பின் கண்ணாடியில் இரண்டு குழந்தைகளின் பெயர்களை ஒட்டியிருந்தார்கள்.

"அது உன்ற வண்டிதானே?"

"ஆமாங்."

"நம்ம மடத்து வண்டியும் அதேதான். அதுல இருந்து ஒரு சக்கரத்தக் கழட்டி எனக்குக் குடு. இதை நீ அங்க மாட்டிக்கோ. டயரு புதுசு, உனக்கு லாபந்தான்."

தங்கமுத்து சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அதெப்படிங் சார்…"

"பரவால்லன்னு சொன்னியே. நிக்கும்னு சொன்னியே."

"சாயங்காலம் புள்ளைகளக் கூட்டிட்டுத் திருப்பூருக்கு…"

ஹாரன் அடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர் அதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். தங்கமுத்து மெல்லக் குந்தி, விளிம்பில் பளபளத்த இடத்தை நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் பசையோடு சேர்ந்து உரிந்து வந்தது. உள்ளே இரும்பு மடங்கிக் கிடந்தது.

"எவன்டா இப்படி அடிச்சு வெச்சது?" என்று உள்ளே திரும்பிக் கத்தினார்.

வேலையாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீதாம்ப்பா" என்றார் வாத்தியார். "செல்போன்ல பேசிக்கிட்டே அடிச்சே."

வாத்தியார் எழுந்து வழிவிட்டார். தங்கமுத்து வேறு யாரையும் தொட விடவில்லை. டயரைத் தானே பிரித்தார். பசையைத் துடைத்தெடுத்து, டார்ச் அடித்து, விரிசல் விட்டிருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். இல்லை. விளிம்பைக் கட்டையில் அணைத்து வைத்து, சின்னச் சுத்தியலால் பொறுமையாகத் தட்டி நிமிர்த்தினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். டயரை ஏற்றிக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது.

"இவ்வளவுதானுங் சார். இது போதுங்களா?"

"போதாது."

மறுபடி பிரித்தார். மறுபடி தட்டினார். இடையில் செல்போன் அடித்தது, எடுக்கவில்லை. அடுத்த தடவை தொட்டித் தண்ணீர் அசையாமல் நின்றது. வாத்தியார் சக்கரத்தை வாங்கக் கையை நீட்டினார்.

"இருங்க சார்" என்றார் தங்கமுத்து. "இன்னொருவாட்டி பாத்துடறேன்."

யாரும் சொல்லாமலே மறுபடி அமிழ்த்தி, தொட்டிக்குள் முகத்தை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வண்டியிலேயே சக்கரத்தையும் வாத்தியாரையும் ஏற்றி மடத்துக்கு வந்து, மாட்டிக் கொடுத்துவிட்டு, மற்ற மூன்று சக்கரங்களையும் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அக்கா சாமி திரும்பி வந்தார். வாத்தியார் வேனுக்குப் பக்கத்தில், முழங்கை வரை கருப்பாக, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"வண்டி ரெடிங்க சாமி. ஆனா நான் தோத்துட்டேன்."

"ஆருகிட்டங்க?"

"கோபம் போகல. எங்கயும் போகல, இங்கயேதான் இருக்குது. உங்க பேச்சத் தட்டுனேன். கடைவீதியில வம்பு பண்ணுனேன். உள்ள கொதிச்சுது சாமி, இப்பவுங் கொதிக்குது. அடுத்த வாரம் இதேமாதிரி ஒரு சக்கரம் வந்தாலும் எடுக்க மாட்டேன். ஆரு சொன்னாலும் எடுக்க மாட்டேன். நீங்க தப்பா நினைச்சாலும் சரி."

அக்கா சாமி குடத்துத் தண்ணீரை மொண்டு நிதானமாகக் குடித்தார்.

"தங்கமுத்து பயந்தாருங்களா?"

"பயந்தான்."

"உங்களப் பாத்துங்களா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாத்தியார் வாயைத் திறந்தார். வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்விக்கு அந்த ஒரு பதில்தான். இன்றைக்கு அது வரவில்லை. நின்று யோசித்தார்.

"இல்லீங்க" என்றார். "சக்கரத்தப் பாத்து."

"அப்ப வீட்டுக்குக் கிளம்புங்க. சாமியாத்தாகிட்ட நான் சொல்லிக்கறேன், பேரனையும் வரச் சொல்லிருவாங்க" என்றார் அக்கா சாமி. "கையக் கழுவிட்டுப் போங்க வாத்தியாரே. குழந்தையத் தூக்கணுமில்ல."