மஞ்சள் கொம்பு

இந்தக் கதையில் குருவுக்குத்தான் வயது குறைவு.

பெயர் தமயந்தி. முப்பதைத் தாண்டிச் சில வருஷம்தான் இருக்கும். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிச்சமிருந்த மழைக்காட்டின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு வீட்டில் இருந்தாள். காட்டு ஆர்க்கிட் பூக்களைப் பார்ப்பது, அந்தப் பூக்களுக்கு வரும் பூச்சிகளைப் பார்ப்பது, பூச்சிகளைத் தின்ன வரும் பறவைகளைப் பார்ப்பது, இதுதான் அவள் வேலை.

சிஷ்யைக்கு ஐம்பத்தெட்டு. பெயர் மரியபுஷ்பம். தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். பறித்த காலம் முழுக்க யூனியனில் இருந்தவள். அவள் குரல் ஒரு சரிவில் கிளம்பினால் எதிர்ச்சரிவில் வேலை செய்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

குரு சிஷ்யையை அக்கா என்று கூப்பிட்டாள். சிஷ்யை குருவை டீச்சர் என்று கூப்பிட்டாள். அதில் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

அவள் சிஷ்யையானது போன வருஷம், கீழ்ச்சோலையை வெட்டியபோது. மலை உச்சியில் சுற்றுலாக்காரர்கள் நின்று மேகம் பார்க்க ஒரு மேடை கட்டினார்கள். மேடைக்குப் போகச் சாலை வேண்டும். சாலைக்கு மரங்கள் வழிவிட வேண்டும். அதற்கு முன் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று வைத்தார்கள். கேட்பு என்று பெயர்தான்.

அதிகாரி வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மரியபுஷ்பம் எழுந்து கத்தத் தொடங்கிவிட்டாள். கத்தியது அத்தனையும் நியாயம். ஆனால் மைக்கை அணைத்தார்கள். இரண்டு பெண் போலீஸ் அவளைத் தூக்காத குறையாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அதன்பிறகு கூட்டம் மிக அமைதியாக நடந்தது. மரங்கள் விழுந்தன.

விழுந்த மரத்தில் விறகு எடுக்கப் போனவள் விறகு எடுக்கவில்லை. ஒரு கிளையைக் கவ்விக்கொண்டிருந்த ஆர்க்கிட் செடியை வேர் அறாமல் பெயர்த்து, முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து தமயந்தியின் வாசலில் நின்றாள். இது பிழைக்குமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றாள் தமயந்தி. மேல்சோலையில், ஓடைக்கரையில் நின்ற ஒரு வெடிப்பலா மரத்தின் தாழ்ந்த கிளையில் இருவருமாக அதை வாழைநாரால் கட்டினார்கள். மறுநாளும் மரியபுஷ்பம் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.

குரு வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. சீகாரப் பூங்குருவி விசிலடித்துப் பாடும்போது யாரும் பேசக் கூடாது. மழைக்காலத்தில் அந்தக் குருவி ஓயவே ஓயாது. நீங்களும் அதுவும் எனக்கெதிரா பேசி வெச்சிருக்கீங்க என்று சிஷ்யை பலமுறை குற்றம் சாட்டியிருக்கிறாள்.

அதே சாலைக்காக இந்த வருஷம் மேல்சோலையின் முறை. மரங்களில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். வெடிப்பலா மரத்திலும் அடித்திருந்தார்கள். இந்தக் கதை நடக்கும் நாளுக்கு மறுநாள் கூட்டம். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கென்று ஒரே ஒரு ஆள்தான் பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆள் மரியபுஷ்பம் வேண்டாம் என்று லைனில் பாதிப் பேர் சொன்னார்கள். அவள் வாயைத் திறந்தால் மறுபடி மைக்கை அணைப்பார்கள் என்றார்கள். சாந்தமாகப் பேசுவதாக இருந்தால் போ, இல்லையென்றால் வேறு ஆளை அனுப்புகிறோம், சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு என்றார்கள். இந்த நெருப்போடுதான் அன்று காலை அவள் தமயந்தியோடு மலையேறினாள்.

பாதி வழியில் ஒரு காட்டுமாடு நின்றது. ஆண். பாதையை அடைத்துக்கொண்டு, தலையை உயர்த்தி, புஸ்ஸென்று மூச்சு விட்டது.

தமயந்தி பின்வாங்கினாள். மரியபுஷ்பம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நில்லுங்க டீச்சர். தலையைத் தூக்கிட்டு நிக்கிறவரைக்கும் சும்மா சத்தம்தான் காட்டும். தலை கீழ போச்சுன்னா ஓடணும்."

எந்தப் பக்கம் ஓடுவது என்று குரு கேட்டாள். அதைக் கேட்க நேரம் இருக்காது என்றாள் சிஷ்யை.

காட்டுமாடு மெல்லத் தலையைத் தாழ்த்தியது.

இருவரும் ஓடினார்கள். சிஷ்யை முன்னால் ஓடினாள். பாறைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு எட்டிப் பார்த்தபோது, அவர்கள் நின்ற இடத்தைக் கடந்து அது காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குருவின் குடை நசுங்கிக் கிடந்தது.

"குடையை விட்டுட்டு வந்துட்டீங்களே" என்றாள் சிஷ்யை. இருவரும் மூச்சு வாங்கச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் மரியபுஷ்பம் லைனில் நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. ஒரு மரங்கொத்தி பறந்து போனது. அதன் பின்னால் இரண்டு மைனாக்கள் போயின. நல்லவேளையாகப் பூங்குருவி பாடத் தொடங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடைவரை நடந்தாள்.

குருவி ஓய்ந்ததும் கேட்டாள்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தக் கோபத்தை நான் என்ன செய்யட்டும்?"

"உங்க செடி பூத்திருக்கு, அக்கா" என்றாள் குரு.

மரியபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். வாழைநார் மக்கிப் போயிருந்தது. செடியின் வேர்களே இப்போது கிளையைப் பிடித்திருந்தன. அணில் வால்போல ஒரு பூங்கொத்து தொங்கியது. வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றிலும் ஊதாப் புள்ளிகள். அவள் அதைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

குரு பையிலிருந்து துடைப்பத்து ஈர்க்கு ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

"இதை வண்டுன்னு வெச்சுக்குங்க. ஒரு பூவுக்குள்ள விட்டு எடுங்க."

சிஷ்யை விட்டு எடுத்தாள். ஈர்க்கின் நுனியில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மெல்லிய காம்பு, அதன் மேல் கடுகைவிடச் சின்னதாய் இரண்டு மஞ்சள் மணிகள். நேராக நிமிர்ந்து நின்றன.

"கன்னுக்குட்டிக்குக் கொம்பு மொளைச்ச மாதிரி இருக்கு."

அதுதான் மகரந்தம் என்றாள் குரு. மற்ற பூக்கள் தூளாகத் தூவும், சிந்தினால் இன்னும் கொஞ்சம் இருக்கும். இந்தப் பூ தன்னிடம் இருப்பதை ஒரே பொட்டலமாகக் கொடுத்துவிடும். பிறகு கொடுக்க ஒன்றும் இருக்காது.

"அப்ப ஒரே வாய்ப்புதான்?"

"ஒரே வாய்ப்பு. பக்கத்துப் பூவுல விட்டுப் பாருங்க."

மரியபுஷ்பம் உடனே விட்டாள். கொம்புகள் பூவின் கூரையில் முட்டிக்கொண்டு அப்படியே திரும்பி வந்தன. மறுபடி விட்டாள். திரும்பி வந்தன. மூன்றாவது தடவை அழுத்திக் குத்தினாள். பூ காம்போடு கழன்று கீழே விழுந்தது.

அவள் குருவைப் பார்த்தாள். குரு விழுந்த பூவைப் பார்த்தாள்.

"குத்துனா ஒட்டாதா டீச்சர்?"

"இப்பக் குத்துனா ஒட்டாது."

"பின்னே எப்ப?"

குரு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். ஈர்க்கை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னாள். பிறகு குனிந்து சிஷ்யையின் கணுக்காலில் ஏறியிருந்த அட்டைகளைப் பிடுங்கினாள். அதை முடித்து, தன் காலில் இருந்ததையும் பிடுங்கினாள்.

"அசையுது" என்றாள் மரியபுஷ்பம், குரலைத் தாழ்த்தி.

யாரும் தொடவில்லை. காற்றும் இல்லை. ஆனால் அந்த மெல்லிய காம்பு தானாக வளைந்தது. நிமிர்ந்து நின்ற இரண்டு மணிகளும் சிறுகச் சிறுகத் தாழ்ந்து வந்தன.

சிஷ்யையின் முகம் மாறியது. கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

"குனியுது."

"ஆமா."

மரியபுஷ்பம் ஈர்க்கை மரப்பட்டையின் வெடிப்பில் செருகிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். அதன்பின் அவள் பேசியதை எதிர்ச்சரிவிலும் கேட்டிருப்பார்கள். அவள் அம்மா கணக்குப்பிள்ளைக்கு முன்னால் குனிந்து நின்ற கதையைச் சொன்னாள். தானே எடை போடும் இடத்தில் குனிந்து நின்றதைச் சொன்னாள். கூடையைத் தள்ளிவிட்டு இதுவும் ஒரு கொழுந்தா என்று கேட்டவனிடம், தப்புத்தாங்க என்று சொன்னதைச் சொன்னாள்.

"யூனியன்ல சேந்த அன்னிக்குத்தான் டீச்சர் நான் நிமிந்தேன். படிச்சவங்க எல்லாரும் சுத்தி வளைச்சு வந்து கடைசில இதைத்தான் சொல்வீங்களா? குனின்னு?"

"நான் ஒண்ணும் சொல்லலையே, அக்கா. பூ செஞ்சுது."

"பூவுக்கு யூனியன் இல்ல."

குருவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிஷ்யை தன் பையை எடுத்துத் தோளில் மாட்டி, வந்த வழியில் நாலடி நடந்தாள்.

அப்போது ஒரு கருவண்டு வந்தது.

பூங்கொத்தை ஒருமுறை சுற்றி, ஒரு பூவுக்குள் தலையை விட்டு, வெளியே வந்தது. நெற்றியில் இரண்டு மஞ்சள் கொம்பு. முன்கால்களால் அதைத் தேய்த்துத் தள்ளப் பார்த்தது. போகவில்லை. கோபமாக ரீங்கரித்துக்கொண்டு கிளம்பி, பக்கத்துப் பூக்களை விட்டுவிட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் பறந்தது.

நடந்துகொண்டிருந்த மரியபுஷ்பம் நின்றாள். பையைக் கழற்றிப் போட்டாள். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கினாள். கல் வழுக்கியது, ஒரு கையை ஊன்றி எழுந்தாள், வண்டிலிருந்து மட்டும் கண்ணை எடுக்கவில்லை.

அக்கரையில் நின்ற மரத்திலும் அதே செடி இருந்தது. வண்டு முதலில் மரத்தைச் சுற்றியது. பிறகு பட்டையில் உட்கார்ந்து மறுபடி நெற்றியைத் தேய்த்தது. அதன் பிறகே ஒரு பூவுக்குள் போனது. வெளியே வந்தபோது நெற்றியில் கொம்பு இல்லை.

அவள் இடுப்பில் செருகியிருந்த கண்ணாடியை எடுத்துப் பூவுக்குள் பார்த்தாள். உள்ளே, குழியின் நடுவில், மஞ்சள் மணிகள் அழுந்தி உட்கார்ந்திருந்தன. தலையை எடுத்தபோது மரத்தின் அடியில் சிவப்புப் பெயிண்ட் தெரிந்தது.

ஈரப் புடவையோடு திரும்பி வந்தாள்.

"நீங்க சொன்னது சரின்னு சொல்ல வரல."

"சரி."

"அங்க ஒட்டிருச்சு. என் கண்ணால பாத்தேன். அதை இல்லேங்கல."

"சரி."

"ஆனா குனிஞ்சாத்தான் ஒட்டும்னா, அது எனக்கு வேண்டாம். நாளைக்கு அந்த அதிகாரி முன்னாடி தலையைத் தொங்கப் போட்டு நிக்கத்தான் சொல்றீங்கன்னா நான் போகல டீச்சர். சாயங்காலம் லைன்ல சொல்லிடறேன். வேற யாரையாவது அனுப்பட்டும். சோலை போனாலும் போகட்டும்."

அவள் செடியைப் பார்க்கவில்லை.

எங்கோ மேலே பூங்குருவி பாடத் தொடங்கியது. இருவரும் பேசாமல் நின்றார்கள். அது நீளமாகப் பாடியது. நடுவில் நிறுத்தி, நினைவு வந்ததுபோல மறுபடி பாடியது. பிறகு பறந்து போனது.

குரு கேட்டாள்.

"காலையில அந்தக் காட்டுமாடு நின்னப்ப, எப்ப ஓடணும்னு சொன்னீங்க, அக்கா?"

"தலை கீழ போச்சுன்னா..." என்று தொடங்கினாள் மரியபுஷ்பம்.

வாக்கியத்தை முடிக்காமல் திரும்பினாள்.

பட்டை வெடிப்பில் செருகியிருந்த ஈர்க்கைப் பார்த்தாள். நுனியில் இரண்டு மஞ்சள் கொம்புகளும் தாழ்ந்து, நேர் முன்னால் நீட்டி நின்றன.

அதைப் பதமாக உருவி எடுத்தாள். கொம்பு எதிலும் படாமல் கையை முன்னால் பிடித்துக்கொண்டு மறுபடி ஓடையில் இறங்கினாள். இந்த முறை ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கால் வைத்தாள். அக்கரை மரத்தில், வண்டு தொடாத ஒரு பூவைத் தேடி எடுத்து, ஒரே ஒரு தடவை விட்டாள்.

ஈர்க்கு வெறுமையாக வெளியே வந்தது.

மலை இறங்கும்போது குரு பின்னால் வந்தாள். மரியபுஷ்பம் முன்னால் நடந்தாள். லைன் வீடுகள் தெரியும்வரை அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வழியில் எங்கேயும் பூங்குருவி பாடவில்லை.