ராசா கை கழுவினால் பந்தி எழும்

கொழுமணிக்கோட்டை ராசா இடும்பதேவர் புறப்படுகிறார் என்றாலே பல்லக்குத் தூக்கிகள் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். அப்பேர்ப்பட்ட உடம்பு! ஒருநாள் பட்டத்து யானையே அவரைக் கண்டதும் முன்காலை மடக்க மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டது. ஊரே வேடிக்கை பார்த்தது. மானம் போனது ஒரு பக்கம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது இன்னொரு பக்கம்.

அரண்மனையில் பந்தி விசாரிப்பவர் நல்லதம்பிரான். வாய்த்துடுக்குக்காரர், ஆனால் ராசாமேல் உயிர். அவர்தான் கத்தி வைத்தியத்தில் கெட்டிக்காரரான அகிலாண்டத்தம்மாளைத் தேடிப்பிடித்து அழைத்து வந்தார்.

அந்தம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "இரைப்பையில பெரும்பகுதிய வெட்டி எடுத்துட்டு மிச்சத்தத் தச்சிடுவேன் மகாராஜா. தையல் ஆறுற வரைக்கும் கஞ்சித்தண்ணிதான். மீறிச் சாப்பிட்டா தையல் பிரியும். அப்புறம் கடவுள்தான் கதி."

"நான் பிழைக்கலேன்னா உன் தலை தப்பாது."

"தெரியும் மகாராஜா."

மயக்க மருந்து குடித்துப் படுத்த ராசா கண்விழித்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. உடம்பில் பட்டு இல்லை, வைத்தியசாலையின் முரட்டு வேட்டிதான். "தண்ணி!" என்று முனகினார். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டு, "எழுந்து நடங்க" என்றார் வைத்தியர்.

"வயித்தக் கிழிச்சுப் போட்டுட்டு நடக்கச் சொல்றியே, நீ பொம்பளையா பேயா?"

"படுத்தே கிடந்தா காலுல ரத்தம் கட்டிக்கும். நடங்க."

நாடாளும் ராசா தையல் அதிராமல் இருக்க வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு, ஐயோ அப்பா என்று தாழ்வாரத்தில் தள்ளாடினார். பிறகு பச்சைப்பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் பாலாடைக் கிண்ணத்தில் கஞ்சித்தண்ணி கொடுத்தார்கள். பாதி உள்ளே போனதும், "போதும்டா சாமி, நெஞ்சு வரைக்கும் நிக்குது!" என்று கை கழுவிவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. கொழுமணிக்கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. ராசா நோயில் படுத்தால் மந்திரிமார் அவர் இருக்கும் இடத்தை விட்டு அகலக் கூடாது. ராசா சாப்பிடும்போதுதான் அவர்களுக்கும் பந்தி. ராசா கை கழுவினால் பந்தி எழுந்துவிட வேண்டும். முன்பெல்லாம், "இவர் எப்பத்தான் கை கழுவுவாரோ" என்று மந்திரிமார் நெளிவார்கள். இப்போதோ அவர்கள் இலையில் சோறு விழுவதற்குள் ராசா கையில் தண்ணீர் விழுந்தது!

முதலமைச்சர் பேரம்பலவாணருக்கு இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. பசி காதை அடைத்தது. ராசா கட்டிலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

"மகாராஜா, இது வைத்தியமா வதையா? சிங்கம் கஞ்சி குடிக்குமா? நெய்ச்சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஒரு பிடி உள்ளே போனா புண்ணு தானா ஆறிடாதா?"

காலையில் இதே பாட்டு, மாலையிலும் இதே பாட்டு. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ராசாவுக்கு நாக்கில் நீர் ஊறிவிட்டது.

"நாளைக்கு மத்தியானம் விருந்து! தடுத்தா அந்த வைத்தியச்சி தலைய வாங்குங்க!"

அகிலாண்டத்தம்மாள் நல்லதம்பிரானிடம் ஓடி வந்தார். "சாப்பிட்டா ராசா போயிடுவார், பின்னாலேயே என் தலையும் போகும். தடுத்தா இப்பவே போகும். உங்கள நம்பித்தானே ஐயா வந்தேன்!"

அந்தம்மாவை அழைத்து வந்தவரே நல்லதம்பிரான்தானே! பசியில் வாடிக் கிடந்த மந்திரிமாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நீங்க ஒண்ணும் தடுக்க வேணாம்மா. தலையணைய மட்டும் தயாரா வச்சுக்குங்க."

மறுநாள் குழம்பு மணம் ஊரைத் தூக்கியது. ராசாவுக்கு முன்னால் தலைவாழை இலை. நெய்ச்சோற்றில் கை வைக்கப் போனவரின் காதருகே நல்லதம்பிரான் குனிந்தார்.

"மகாராஜா, இந்தப் பசி உங்க வயித்துல இருக்கா, காதுல இருக்கா?"

"என்னடா உளர்றே?"

"உங்க பசிக்காக உருகுறவங்க எத்தன பேருன்னு பார்த்துட்டுக் கவளத்த எடுங்க. ஒரே ஒரு வார்த்த சொல்ல உத்தரவு வேணும்."

"சொல்லித் தொலை."

நல்லதம்பிரான் குரலை உயர்த்தினார். "எல்லாரும் கேளுங்க! இன்னிலேருந்து பந்தி ரெண்டு. மகாராஜாவ உபசரிக்கப் பிரியப்படுறவங்க இங்கேயே இருக்கலாம். அவர் கை கழுவினா எழுந்துடணும். மத்தவங்களுக்கு அடுத்த கூடத்துல இலை போட்டிருக்கு. அங்க ராசா எழுந்தாலும் பந்தி எழாது. அவங்கவங்க வயிறு, அவங்கவங்க கை!"

அப்போது பேரம்பலவாணர், "ஒரே ஒரு பிடி சாப்பிடுங்க மகாரா..." என்று உருகிக்கொண்டிருந்தார். 'ஜா' என்பதை அடுத்த கூடத்தில் போய்த்தான் சொன்னார். துண்டு ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம் என்று மொத்த மந்திரிசபையும் அவர் பின்னாலேயே ஓடியது.

ராசா தனியே உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அந்தப்புறமிருந்து முதலமைச்சர் குரல் கேட்டது: "தம்பி, இங்க இன்னும் ரெண்டு கரண்டி குழம்பு ஊத்து!"

ராசாவுக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடி சிரிப்பு பீறிட்டது. "ஐயோ, தையல் தையல்!" என்று அகிலாண்டத்தம்மாள் தலையணையோடு பாய்ந்து வந்தார். வயிற்றை அமுக்கிக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக ராசா சொன்னார்: "எனக்குப் பசியே இல்லையேம்மா! பசி பூராவும் அந்தப் பாவிக்குத்தான்! இந்த இலைய எடுக்கச் சொல்லு. அந்தப் பாலாடையக் கொண்டா."

வைத்தியருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ராசா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். பிறகு நல்லதம்பிரான் பக்கம் திரும்பினார்.

"உனக்கு இந்த நாட்டுலயே பெரிய மரியாதை தரப்போறேன். இன்னிலேருந்து தினமும் என் பக்கத்து இலை உனக்குத்தான்!"

நல்லதம்பிரான் முகம் செத்துப்போயிற்று. அடுத்த கூடத்தை ஏக்கத்தோடு ஒரு பார்வை பார்த்தார். பிறகு வைத்தியர் பக்கத்தில் இருந்த கட்டிலில் ஏறி நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"அம்மா, கத்திய எடுங்க. அந்த மரியாதையத் தாங்கணும்னா, என் வயித்தையும் வெட்டிச் சின்னதாக்கினாத்தான் உண்டு!"

ராசா சிரிக்க வாயைத் திறப்பதற்குள் வைத்தியர் அவரிடம் தலையணையை நீட்டிவிட்டார்.