ஏறாத வளையம்

கொடைக்கானல் சைக்கிள் கிளப் தலைவர் பூவராகனுக்கு ஓரிடத்தில் நிற்க வராது. அன்று மலையிறக்கப் பந்தயத்தில் பனிமூட்டத்துக்குள் நுழைந்தவர், முதல் ஆளாக வெளியே வந்துவிட்டார். கோப்பை தயார். ஆனால் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்து, குலுக்கலுக்கு அமுங்கிக் கொடுக்கும் ஃபோர்க்கில் கீறல் விழுந்து, உள்ளே ஆயிலை அடைத்திருக்கும் சீல் கிழிந்து ஒழுகியது. போட்டோ எடுக்கிற நேரத்தில் இதென்ன அசிங்கம்!

"சீல் போட்டது யாரு?"

"நான்தான் சார்" என்று வந்தாள் மெக்கானிக் இருதயமேரி.

"பத்து நிமிஷம். ஃபோர்க்கைக் கழட்டாம ஒழுகலை நிறுத்து, கீறலையும் காணாமப் பண்ணு. இல்லேன்னா வேலையை விட்டுக் கிளம்பு!"

கூட்டம் நெருங்கியது. மேரி குனிந்து பார்த்தாள்.

"கீறல் எப்படி சார் விழுந்துச்சு?"

"ஒன்பதாம் வளைவுல பாறைமேலேருந்து பறந்தேன். ஃபோர்க் முழுசா அமுங்கிடுச்சு!"

"ஃபோர்க் தண்டுல இருக்குற இந்த ரப்பர் வளையத்தைப் பாருங்க சார். ஃபோர்க் அமுங்குற அளவுக்கு இது மேலே ஏறும், தானா இறங்காது. பந்தயத்துக்கு முன்னாடி நான்தான் அடியில தள்ளிவிட்டேன். நீங்க சைக்கிள்ல சும்மா ஏறி உட்கார்ந்தா அமுங்குற அளவுக்குத்தான் ஏறியிருக்கு. கீறல்ல பச்சைப் பெயிண்ட் வேற ஒட்டியிருக்கு."

எல்லாத் தலையும் கிளப்பின் பச்சை ஜீப் பக்கம் திரும்பியது. டிரைவர் சவரிமுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துகொண்டார்.

பூவராகன் முதல்முறையாக ஆடாமல் அசையாமல் நின்றார்.

"சீலை மாத்தித் தந்துடறேன் சார். கோப்பையை மட்டும் சவரிமுத்து அண்ணன்கிட்ட குடுத்துடுங்க. மலையை இறங்கி வந்தது அவருதானே!"